தவறைச் சீக்கிரம் அறியும் கலை: மென்பொருள் திட்டங்களில் அஜைல் முறை

மென்பொருள் தயாரிப்பில் மிகக் கடினமான வேலை நிரல் எழுதுவதுதான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கருதுவது இயல்பே. ஆனால் அத்துறையின் பெருந்தோல்விகளை ஆராய்ந்தவர்கள், எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்வதிலேயே பெரும்பாலான திட்டங்கள் சறுக்கியிருப்பதைக் காட்டுகிறார்கள். ஒரு மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்கள் தமக்கு என்ன தேவை என்பதைக் காகிதத்தில் முழுமையாகச் சொல்லிவிட இயலாது; திரையில் ஏதேனும் ஒன்று ஓடத் தொடங்கி, அதில் கைவைத்துப் பார்த்த பிறகே, கேட்டது வேறு, வேண்டியது வேறு என்பது அவர்களுக்கே தெளிவாகிறது. அந்தத் தெளிவு எந்தக் கட்டத்தில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே திட்டத்தின் செலவும் கதியும் அமைகின்றன. ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கான்பான் என்று பல உருவங்களில் வழங்கி, அஜைல் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கும் குழுப்பணி முறைகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலிலிருந்து பிறந்தவை. அஜைலை வேலையை விரைந்து முடிக்கும் உத்தியாகப் பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்புடன் அதைக் கைக்கொண்ட நிறுவனங்கள் ஏமாறுவதும் வழக்கமாகிவிட்டது. தவறு நேர்ந்த நாளுக்கும் அது தெரியவரும் நாளுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சுருக்குவதே அதன் வேலை. வேகம் கிடைத்தால் அது அதன் பின்விளைவு.

1968 அக்டோபரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய கணினி வல்லுநர்கள், மென்பொருள் திட்டங்கள் காலத்தையும் செலவையும் மீறிப்போவதை ஒரு நெருக்கடியாகவே விவாதித்தார்கள். அடுத்த இருபதாண்டுகளில் அதற்கு விடையாக நிலைபெற்றது, பிற பொறியியல் துறைகளிலிருந்து கடன் வாங்கிய ஒரு வரிசைமுறை. தேவைகளைத் திரட்டி ஆவணமாக்குவது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்ற கட்டங்களில் ஒவ்வொன்றும் முந்தையது முடிந்து கையெழுத்தான பிறகே தொடங்கும். மேலிருந்து கீழே மட்டுமே ஓடுவதால் இதற்கு வாட்டர்ஃபால், அதாவது அருவி முறை, என்ற பெயர் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இம்முறைக்கு மூலமாக எல்லாரும் காட்டும் கட்டுரையை 1970-இல் எழுதிய வின்ஸ்டன் ராய்ஸ், அந்த வரிசையைப் படமாக வரைந்து காட்டிய கையோடு, அதை அப்படியே பின்பற்றினால் தோல்விக்கு இடமுண்டு என்றும், புதுவகை மென்பொருளை ஒருமுறை முன்மாதிரியாகச் செய்து பார்த்துவிட்டு மறுமுறை செய்வதே நல்லது என்றும், வாடிக்கையாளரை இடையிடையே ஈடுபடுத்த வேண்டும் என்றும் எச்சரித்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985-இல் வெளியிட்ட 2167 என்னும் தர ஆவணம் ஏறத்தாழ இந்த வரிசையையே ஒப்பந்தக்காரர்களுக்கு நெறியாக்கியபோது, தொகையையும் தேதியையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட விரும்பும் கணக்குத் துறைகளுக்கும் அது மிகவும் உவப்பாகிப்போனது.

இவ்வரிசைமுறை எங்கே உடைகிறது என்பதையும், அஜைல் முறை அந்த இடத்தில் என்ன செய்கிறது, என்ன செய்ய இயலாது என்பதையும் ஒருங்கே காட்டும் வரலாறு அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யுடையது. அத்துறையின் வழக்குக் கோப்புகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலும் காகிதத்திலேயே நடமாடின. 1995-இல் வந்த கணினி அமைப்பு பச்சை எழுத்துத் திரைகள் கொண்ட பழைய பாணியிலானது என்பதால், புலனாய்வாளர்கள் பலர் அதை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தையே நம்பினார்கள். 2001 ஜூனில் இதைச் சீர்செய்யும் பொறுப்பு எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மாதத்தில், செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னோர் அலுவலகத்துக்குத் தெரியாமற்போன குறை நாடறிந்ததாயிற்று. பழைய அமைப்புக்குப் புதிய முகப்பு ஒன்றைச் செய்து தந்தால் போதும் என்று தொடங்கிய வேலை, அந்த ஆண்டின் இறுதிக்குள், எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும் பெருந்திட்டமாக உருமாறியது. வர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

மாதக்கணக்கில் நடந்த கலந்துரையாடல்களின் முடிவில் தேவைகளை விவரிக்கும் ஆவணம் ஒன்று 800 பக்கங்களுக்கு மேல் எழுதப்பட்டது. எந்தத் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்ததாகப் பின்னாளில் குறை கூறப்பட்டது. அதன் பிறகும் நூற்றுக்கணக்கான மாற்றக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. திட்டத்தின்படி, ஒரு குறிப்பிட்ட நாளில் பழைய அமைப்பை அடியோடு நிறுத்திவிட்டுப் புதியதை எல்லா அலுவலகங்களிலும் ஒரே வீச்சில் இயக்க வேண்டும். பழுது நேர்ந்தால் பழையதற்குத் திரும்பும் வழி எண்ணப்படவில்லை. 2003 டிசம்பரில் மென்பொருள் கைக்கு வந்தபோது எஃப்.பி.ஐ. முதலில் 17 குறைகளைச் சுட்டியது. அவற்றை உடைத்துப் பார்த்தபோது எண்ணிக்கை 59 ஆனது. நடுவராக அமர்ந்தவர் அவற்றில் 19-ஐ எஃப்.பி.ஐ. தானே மாற்றிக்கொண்ட தேவைகளின் விளைவு என்றும், எஞ்சியவற்றை நிறுவனத்தின் பிழை என்றும் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பிரிவினை இரு தரப்புக்கும் வழக்காட உதவியிருக்கலாம். மென்பொருளை அது காப்பாற்றவில்லை. சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு, 2005-இல் திட்டம் கைவிடப்பட்டது. இந்தக் கதையில் கவனிக்கத்தக்கது குறைகளின் எண்ணிக்கையன்று. வேலை தொடங்கி இரண்டரை ஆண்டுகள் கழித்தே அவை முதன்முதலாகக் கண்ணில் பட்டன என்பதுதான்.

அடுத்த முயற்சிக்கு சென்டினல் என்று பெயர். 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. நான்கு கட்டங்களாகப் பிரித்து, மொத்தம் 42.5 கோடி டாலரில், 2009 டிசம்பருக்குள் முடிப்பதாகத் திட்டம். ஒரே வீச்சில் மாற்றும் பழைய பிழை இம்முறை தவிர்க்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அருவியின் ஒழுங்கே ஆண்டது. 2010 ஆகஸ்டு வாக்கில், 45.1 கோடியாக உயர்த்தப்பட்டிருந்த நிதியில் 40.5 கோடி டாலர் செலவாகியிருந்தது. நான்கில் இரண்டு கட்டங்களே கைக்கு வந்திருந்தன. எஞ்சியதை முடிக்க இன்னும் ஆறு ஆண்டுகளும் 35.1 கோடி டாலரும் பிடிக்கும் என்று வெளியிலிருந்து மதிப்பிட்ட குழு ஒன்று கணித்தது. எஃப்.பி.ஐ.யின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த சாட் ஃபுல்காம் அந்தக் கணிப்பை ஏற்காமல், திட்டத்தின் நேரடி நிர்வாகத்தைத் துறையின் கைக்கே எடுத்துக்கொண்டு, அஜைல் முறைக்கு மாற்றினார். ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 220 பேரிலிருந்து 40 பேராகவும், திட்டத்தில் இருந்த துறை ஊழியர்கள் 30 பேரிலிருந்து 12 பேராகவும் குறைக்கப்பட்டார்கள். ஆட்களைக் குறைத்து வேலையை மீட்பது முரணாகத் தோன்றலாம். தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே வாதிட்டிருந்தார். ஆள் கூடக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தொடர்புகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன என்பதே காரணம்.

புதிய ஏற்பாட்டில் 800 பக்க ஆவணம் போன்ற எதுவும் எழுதப்படவில்லை. தேவைகள் ‘யூசர் ஸ்டோரி’ எனப்படும் சிறு கூறுகளாக்கப்பட்டன. பயன்படுத்துபவர் யார், அவர் என்ன செய்ய வேண்டும், எதற்காக என்பவற்றை ஓரிரு வாக்கியங்களில் சொல்லும் குறிப்பு அது. ‘மேற்பார்வையாளர், தமக்கு வந்த படிவத்தைத் திரையிலேயே பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும், காகிதம் அலுவலகம்விட்டு அலுவலகம் அலையாமல் இருப்பதற்காக’ என்கிற அளவில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். சென்டினலில் இத்தகைய கதைகள் 670 இருந்தன. இவை அனைத்தும் முன்னுரிமைப்படி அடுக்கப்பட்ட பட்டியலுக்கு பேக்லாக் என்று பெயர். அதில் எது மேலே, எது கீழே என்று முடிவு செய்யும் அதிகாரம் பெற்ற ஒருவரை ஸ்க்ரம் முறை பிராடக்ட் ஓனர் என்கிறது. குழு அந்தப் பட்டியலின் மேற்பகுதியிலிருந்து, தன்னால் முடியும் என்று தானே கருதும் அளவுக்கு எடுத்துக்கொண்டு, ஸ்ப்ரிண்ட் எனப்படும் குறுந்தவணைக்குள் முடிக்கிறது. தவணை ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. சென்டினலில் அது இரண்டு வாரம். தவணையின் ஒவ்வொரு நாளும் கால்மணி நேரத்துக்கு மிகாத ஒரு கூட்டத்தில் குழுவினர் வேலை எங்கே நிற்கிறது, எங்கே முட்டுகிறது என்பதைத் தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். முட்டும் இடங்களை அகற்றுவதும் முறை பிறழாமல் பார்த்துக்கொள்வதும் ஸ்க்ரம் மாஸ்டர் என்பவரின் பொறுப்பு. பெயரில் தலைமை தொனித்தாலும் வேலை ஏவும் அதிகாரம் அவருக்கு இல்லை.

தவணையின் கடைசி நாள்தான் இம்முறையின் உயிர். அன்று குழு, முடித்த பகுதியை இயங்கும் நிலையில் பயனர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் காட்ட வேண்டும். எண்பது விழுக்காடு முடிந்தது என்ற சொல் அங்கே செல்லாது. ஓடுகிறது அல்லது ஓடவில்லை என்ற இரண்டே நிலைகள்தான். முந்தைய திட்டத்தில் இரண்டரை ஆண்டுக்குப் பிறகு வெளிப்பட்ட வகைக் குறைகள் இதனால் பதினான்கு நாளில் வெளிப்பட்டன. அந்த அளவில் ஒரு தவறுக்கான விலை இரண்டு வார உழைப்பைத் தாண்டாது. காட்டி முடித்த பிறகு, குழு தனியாக அமர்ந்து, தான் வேலை செய்த விதத்தையே ஆராய்ந்து அடுத்த தவணைக்கு எதை மாற்றலாம் என்று பேசுகிறது. ரெட்ரோஸ்பெக்டிவ் எனப்படும் இந்தப் பின்னோக்குக் கூட்டமே, நேர நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

சென்டினல் குறித்த நேரத்தில் முடியவில்லை என்பதை அஜைல் பிரசாரகர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். 2011 செப்டம்பரில் முடியும் என்றார்கள். அக்டோபரில் நூற்றுக்கணக்கான ஊழியர்களைக் கொண்டு ஒத்திகை நடத்தியபோது அமைப்பு இரண்டு முறை முடங்கியது. நிரலில் இல்லாத கோளாறு வன்பொருளில் இருந்தது; ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினிகளுக்கு அந்தச் சுமையைத் தாங்கும் திறன் போதவில்லை. இரண்டு வாரத் தவணைகள் எத்தனை நடந்தும், அவற்றின் ஒப்படைப்பு உண்மையான பயனர் கூட்டத்தின் சுமையைச் சந்திக்காமல் காட்சி அறையோடு நின்றுவிட்டதால், அந்த ஒரு தவறு மட்டும் பழைய பாணியிலேயே கடைசியில் வெளிப்பட்டது. புதிய கணினிகள் வாங்கி, 2012 ஜூலை 1 அன்று சென்டினல் துறை முழுவதற்கும் வந்துசேர்ந்தது. 45.1 கோடி என்ற வரம்பை அது மீறவில்லை. 2014-இல் நீதித் துறையின் தலைமைத் தணிக்கையாளர் ஆய்ந்தபோது பயனர்கள் பொதுவாக நிறைவு தெரிவித்தார்கள். ஆனால் தேடல் வசதியைப் பயன்படுத்தியவர்களில் 42 விழுக்காட்டினரே தமக்கு வேண்டிய விடை அடிக்கடி கிடைப்பதாகக் கூறினார்கள். வழக்குகளிடையே தொடர்பைக் கண்டுபிடிப்பதற்காகவே பிறந்த அமைப்பில் இது சிறிய குறையன்று. அஜைல் குழு முந்தைய இரு கட்டங்களில் போடப்பட்ட அடித்தளத்தின் மீதே வேலை செய்தது என்பதும், ஆகவே ஆறாண்டு வேலையை அது ஒன்றரை ஆண்டில் முடித்ததாகச் சொல்வது மிகை என்பதும் நியாயமாகச் சேர்க்க வேண்டியவை.

இம்முறைகளின் பிறப்பு எஃப்.பி.ஐ.க்கு முந்தையது. ஜெஃப் சதர்லாண்ட் 1993-இல் ஈசல் என்ற நிறுவனத்தில் ஸ்க்ரம் முறையை நடத்திப் பார்த்தார். கென் ஷ்வேபருடன் சேர்ந்து 1995-இல் அதை ஒரு மாநாட்டில் முன்வைத்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் மலை விடுதியில் வெவ்வேறு முறைகளைச் சேர்ந்த 17 பேர் கூடி, நான்கு மதிப்பீடுகளும் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்ட ஒரு சிறு பிரகடனத்தை வெளியிட்டபோதுதான் அஜைல் என்ற பொதுப்பெயர் நிலைத்தது. அவர்களில் கென்ட் பெக், ரான் ஜெஃப்ரீஸ் ஆகியோர் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்திலிருந்து வந்தவர்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை உருவான அத்திட்டம், 87,000 ஊழியர்களுக்கு என்று திட்டமிடப்பட்டு, சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிட்ட நிலையிலேயே 2000-இல் நிறுத்தப்பட்டது. குழுவோடு உடனமர்ந்து ஓயாமல் பதில் சொல்ல வேண்டியிருந்த வாடிக்கையாளர் தரப்புப் பிரதிநிதி களைத்துப்போனதும் அத்திட்டத்தைப் பற்றிப் பேசப்படும் குறைகளில் ஒன்று. பேக்லாக்கை ஆள்பவர் இருபுறமும் இழுபடுவது இன்றும் அஜைல் குழுக்களில் மாறாத உண்மை.

ஆனாலும் அந்தச் சம்பளத் திட்டம் விட்டுச்சென்ற பழக்கங்களே அஜைலின் பொறியியல் முதுகெலும்பு. நிரலை எழுதும் முன்பே அதைச் சரிபார்க்கும் சோதனை நிரலை எழுதுவது, எல்லாருடைய மாற்றங்களையும் நாளுக்குப் பலமுறை ஒன்றுசேர்த்து அச்சோதனைகளைத் தானாக ஓடவிடுவது, இயங்கும் நிரலையே இடைவிடாமல் செப்பனிட்டுக்கொள்வது ஆகியவை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மென்பொருளை மாற்றிக்கொண்டிருந்தால், இன்று சேர்த்தது நேற்றுச் சேர்த்ததை உடைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கவே அடுத்த தவணை முழுவதும் செலவாகும். கூட்டங்களை நடத்துவது எளிது, சோதனைகளை எழுதுவது கடினம். அதனாலேயே பல நிறுவனங்கள் முன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு, சுவரெங்கும் வண்ணச் சீட்டுகளை ஒட்டி, ஆறு மாதத்தில் நிரல் நாறிப்போவதைக் கண்டு முறையைக் குறை கூறுகின்றன.

அளவுகோல்கள் பிறழ்வதும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு கதை எவ்வளவு பெரியது என்பதைக் குழு தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ள ஸ்டோரி பாயிண்ட் என்ற அலகு பயன்படுகிறது. ஒரு தவணையில் முடிந்த பாயிண்டுகளின் கூட்டுத்தொகை வெலாசிட்டி எனப்படும். அடுத்த தவணைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று குழு ஊகிப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பொருளில்லை. மேலாளர்கள் அவற்றைக் கொண்டு குழுக்களை ஒப்பிடவும், மாதந்தோறும் உயர்த்திக் காட்டும்படி கேட்கவும் தொடங்கியவுடன், நேற்று மூன்று பாயிண்ட் பெற்ற வேலைக்கு இன்று ஐந்து என்று குறிக்கப்படுகிறது. எண்கள் ஏறுகின்றன, மென்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த அலகைக் கண்டுபிடித்தது தாமாக இருந்தால் அதற்காக வருந்துவதாக ரான் ஜெஃப்ரீஸே பின்னாளில் எழுதினார்.

சென்னை, கோவை போன்ற நகரங்களிலிருந்து அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் சேவை நிறுவனங்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நியூயார்க்கில் காலை விடியும்போது இங்கே மாலை என்பதால், நாளின் தொடக்கத்தில் நடக்க வேண்டிய, ஸ்டாண்டப் எனப்படும் அந்தக் கால்மணி நேரக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நடக்கிறது. தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய குழுவினர் கடல்கடந்த மேலாளருக்கு ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்பிக்கிறார்கள். முன்னுரிமையை மாற்றும் அதிகாரம் கொண்டவர் அங்கே இருக்க, அவருடைய சொல்லைக் கடத்தும் ஒருவர் மட்டும் இங்கே பிராடக்ட் ஓனராக அமர்கிறார். ஒப்பந்தம் பேசும்போதே இன்ன வசதிகள், இன்ன விலை, இன்ன தேதி என்று மூன்றும் பூட்டப்பட்டிருந்தால், தவணை முடிவில் பயனர் சொல்லும் நல்ல யோசனையும் ஒப்பந்த மீறலாகிவிடுகிறது. அத்தகைய இடங்களில் ஸ்ப்ரிண்ட் என்பது அருவியை இரண்டு வாரத் துண்டுகளாக நறுக்கி வைப்பதுதான்.

அரசுகளும் இதில் சிக்கியிருக்கின்றன. ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தை பிரிட்டன் அஜைல் முறையில் கட்டப்போவதாகவே அறிவித்தது. ஆனால் பெரிய வழங்குநர்களுடனான ஒப்பந்தங்களும் மேலிருந்து கட்டுப்படுத்தும் நிர்வாகமும் பழைய முறைக்கே உரியனவாக இருந்தன. 2013 செப்டம்பரில் வெளிவந்த தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கை, அந்த ஆண்டின் ஏப்ரல் வரை 42.5 கோடி பவுண்டு செலவானதையும், 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கணினிச் சொத்துகள் பயனற்றவையாகக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதையும் பதிவு செய்தது. பின்னர் துறைக்குள்ளேயே ஒரு குழுவை அமர்த்தி, சிறிய அளவில் தொடங்கி, பயனர்களிடம் சோதித்துச் சோதித்து வளர்த்த புதிய வடிவமே நிலைத்தது. சென்டினலிலும் இதுவே நடந்தது. இரு இடங்களிலும் முதலில் கைமாறியது முடிவெடுக்கும் அதிகாரம். கூட்டங்களும் தவணைகளும் அதன் பின் வந்து பொருந்தின.

தவணைகளே இல்லாமலும் இதைச் செய்ய இயலும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு சான்று உண்டு. டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து வந்த கான்பான் கருத்தை மென்பொருளுக்குப் பொருத்திய முன்னோடி முயற்சிகளில் ஒன்று, 2004–05-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த, ஹைதராபாத்தில் இருந்த ஒரு சிறிய ஒப்பந்தக் குழுவில், டேவிட் ஆண்டர்சனின் வழிகாட்டுதலில் நடந்தது. ஒரு மாற்றக் கோரிக்கை வந்து அது முடிவதற்குச் சுமார் ஐந்து மாதம் பிடித்துக்கொண்டிருந்தது. குழுவின் நேரத்தில் கணிசமான பகுதி, ஒவ்வொரு புதிய கோரிக்கைக்கும் எவ்வளவு காலம் ஆகும் என்ற மதிப்பீட்டைத் தயாரிப்பதிலேயே போனது, அப்படி மதிப்பிடப்பட்டவற்றில் பல செய்யப்படாமலே கிடந்தன. மதிப்பீடு கேட்பதை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய வேலைகளுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். நிரல் எழுதும் முறையும் சோதிக்கும் முறையும் மாறவில்லை. காத்திருக்கும் காலம் இரண்டு வார அளவுக்கு இறங்கியது. வெவ்வேறு பிரிவுகளின் பொறுப்பாளர்கள் அதுவரை, தம்முடைய நீண்ட பட்டியல் முழுவதும் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்; புதிய ஏற்பாட்டில் அவர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வரிசையில் அடுத்துக் காலியாகும் இடத்தில் யாருடைய எந்தக் கோரிக்கையை வைப்பது என்பது.